ஆறு பேருக்குக் கட்டிய சோறு

தேவிகுளம் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது வருஷம் அது. நான் சித்தூர்ப் பக்கத்துக்காரி. தென்னையும் வெயிலுமாக வளர்ந்தவள். அம்மா போன பிறகு எங்கள் வீடு அண்ணன் குடும்பத்தின் வீடாகிவிட்டது. வராதே என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் போய் இறங்கினால், என் பையை எந்த அறையில் வைப்பது என்று எல்லோரும் ஒரு நொடி யோசிப்பார்கள். அந்த ஒரு நொடிக்குப் பயந்தே லீவு நாட்களிலும் மலையில் என் வாடகை அறையிலேயே இருந்துவிடுவேன். சனிக்கிழமை துணி துவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அது காய்ந்ததா என்று பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு மொட்டை மலை. மரம் கிடையாது, புல்லும் பாறையும்தான். மேலே நின்றால் கீழே போடி தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். போய்ப் பார்த்தவர் யார் என்று கேட்டால் ஆள் கிடைக்காது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிடும்போது பேச்சுவாக்கில் முடிவானது, நாளைக்கு ஏறிவிடுவது என்று. மற்ற ஆசிரியைகள் நாலு பேர், நான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறாக்கும் அக்கா. அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இல்லை. ஒரே மகளைப் போடியில் கட்டிக் கொடுத்துவிட்டு, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் தனியாக இருந்தார். வழி தனக்குத் தெரியும் என்றும், சோறும் தானே கட்டி வருவதாகவும் சொன்னார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. யாரோடும் சேர்ந்து எங்கேயும் போய் அவ்வளவு நாளாகியிருந்தது.

காலையில் பள்ளிக்கூட வாசலில் நான்தான் முதல் ஆள். கைப்பேசியில் ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒருவர் வீட்டுக்கு விருந்தாளி. இன்னொருவர், வானம் சரியில்லை, அடுத்த வாரம் போகலாமா என்று கேட்டிருந்தார். நாலாமவர் எதுவும் எழுதவில்லை, வரவும் இல்லை. சரி, திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, சரிவின் கீழிருந்து பெரிய தூக்குவாளி ஒன்று மேலே வந்தது. அதற்குப் பின்னால் அக்கா.

"எங்க, மத்த டீச்சரெல்லாம்?"

"யாரும் வரலீங்க்கா. நாம இன்னொரு நாளைக்குப் போலாங்களா?"

அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். "ஆறு பேருக்குத் தக்காளிச் சோறு கிண்டிருக்கேன். நாலு மணிக்கு எந்திரிச்சது. இதத் தூக்கிக்கிட்டு நான் லைனுக்குத் திரும்பிப் போனா என்னயப் பாத்து நாயி சிரிக்கும். நடங்க டீச்சர்."

நடந்தோம். தேயிலைக்குள் வழி நன்றாகவே இருந்தது. அது முடிந்து புல் தொடங்கிய இடத்தில் அக்கா நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"எந்தப் பக்கமா போகணுங்க்கா?"

"இதுவரைக்கும் வெறகுக்கு வந்திருக்கேன் டீச்சர். அதுக்கு மேல நானும் இன்னிக்குத்தான் வாறேன்."

"வழி தெரியும்னு சொன்னீங்களே?"

"தெரியாதுன்னா கூட்டிட்டு வந்திருக்க மாட்டீகள்ல?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. மலையைப் பார்த்துக்கொண்டே பிறந்து, அதன் கீழேயே தேயிலை பறித்து, பிள்ளை பெற்று, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஏறிப் பார்க்க ஒழியவில்லையாம். வழி இல்லாத இடத்தில் மேல்நோக்கிப் போவதுதான் வழி என்று வைத்துக்கொண்டோம். புல் இடுப்பளவு இருந்தது. பனியில் பாவாடையெல்லாம் நனைந்து காலில் ஒட்டியது. தூக்குவாளியை அக்கா கொஞ்ச தூரம், நான் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றிச் சுமந்தோம். கைப்பிடிக் கம்பி விரலை அறுத்தது.

பாதிக்கு மேல் ஒரு சாய்ந்த பாறை. அதில் தூக்குவாளியை வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். அக்கா தண்ணீர் குடித்தார். நான் கொண்டைக்குள் சிக்கிய புல்விதைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் தூக்குவாளி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் பாறையின் விளிம்பைத் தாண்டிக் கவிழ்ந்துவிட்டது. அப்புறம் அதை யார் பிடிப்பது? புல்லில் உருண்டு, ஒரு கல்லில் மோதி, மூடி ஒரு பக்கம் வாளி ஒரு பக்கமாகப் பிரிந்து, சிவப்புச் சோறு சரிவு முழுக்கச் சிதறிக்கொண்டே போனது. கடைசியில் டங்கென்று ஒரு சத்தம். எங்கிருந்தோ காக்கைகள் வந்துவிட்டன.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"நெய் ஊத்தியிருந்தேன் டீச்சர்," என்றார் மெதுவாக. பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வடிய, அந்தப் பாறையில் கிடந்து சிரித்தோம். அப்படிச் சிரித்து எனக்கு வருஷக்கணக்காகியிருக்கும். வாளி போன இடம் வரைக்கும் இறங்க முடியவில்லை. என் பையில் நான் கொண்டுவந்திருந்த அவித்த முட்டைகள் மட்டும் தப்பியிருந்தன.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுபனியும் எங்களோடு வந்து சேர்ந்தது. போடி தெரியவில்லை. பள்ளிக்கூடம் தெரியவில்லை. நீட்டிய என் கையே மங்கலாகத்தான் தெரிந்தது. உப்பில்லாத முட்டையைத் தின்றுகொண்டு வெள்ளைக்குள் உட்கார்ந்திருந்தோம். "இந்தப் பக்கந்தான் போடி இருக்கணும்," என்று அக்கா கையைக் காட்டினார். பிறகு யோசித்து வேறு பக்கம் காட்டினார்.

அங்கே கைப்பேசிக்கு நல்ல ரேஞ்ச். அக்கா மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா மலை மேல இருக்கேன்டி. ஒங்க ஊருக்கு நேரா மேல... ஒண்ணுமில்ல, சும்மாத்தான் ஏறுனேன்... யாரும் சண்ட போடலடி. ஒடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு... சும்மாத்தான்னு சொல்லுதேன்ல."

மகள் நம்பவில்லை போலிருந்தது. சத்தம் எனக்கே கேட்டது. அக்கா கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பேசி முடித்ததும், "நீங்களும் வீட்டுக்குப் பேசுங்க டீச்சர், நல்லா கேக்குது," என்றார்.

கைப்பேசியைக் கையில் எடுத்தேன். பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளினேன். அண்ணனைக் கூப்பிட்டால், என்ன விஷயம் என்று கேட்பான். விஷயம் ஒன்றும் இல்லையே. ஒரு மலை மேல் இருக்கிறேன் என்று சொன்னால் சந்தோஷப்படுகிற ஆள், அல்லது பயப்படுகிற ஆள், அதில் ஒருவர்கூட இல்லை. மலையேற்றத்துக்காக ஆசிரியைகள் நேற்று உருவாக்கிய வாட்ஸ்அப் குழுவில், 'மேலே போயாச்சா? போட்டோ போடுங்க' என்று ஒரு செய்தி இருந்தது. எதிரே இருந்த வெள்ளையைப் படமெடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

"பேசிட்டீகளா?"

"லைன் கிடைக்கலீங்க்கா," என்றேன். அக்கா கடைசி முட்டையை இரண்டாகப் பிட்டு, மஞ்சள் கரு அதிகமாக இருந்த பாதியை என் பக்கம் நீட்டினார்.

இறங்கும்போது திசை தவறியது. பனிக்குள் எந்தச் சரிவும் ஒன்றுபோலத்தான் இருந்தது. அக்கா பின்னாலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் தனியாகப் போய்விடாமல் இருக்க. சமையல்கட்டு வரைக்கும் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டதாம். ஏழாம் வாய்ப்பாட்டில் மட்டும் தப்பு வந்தது, நான் திருத்தினேன். பனி விலகியபோது நாங்கள் மலையின் மறுபக்கம், முன்பின் பார்த்திராத ஒரு தோட்டத்தின் ரோட்டில் நின்றிருந்தோம். பஸ் வராத ரோடு.

வெகுநேரம் நடந்த பிறகு பின்னாலிருந்து ஒரு பிக்கப் வந்தது. கல்யாண வீட்டிலிருந்து வாடகைப் பாத்திரங்களையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ஏற்றித் திரும்பிக்கொண்டிருந்த வண்டி. ஓட்டுநர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில், "எங்கோட்டு சேச்சி? தேவிகுளமா? பின்னாடி கேறிக்கோ," என்றார். ஏறினோம். அக்கா அடுக்கிலிருந்து இரண்டு நாற்காலிகளை உருவிப் போட்டார். அண்டாக்களுக்கு நடுவில் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

லைனுக்குப் பிரியும் இடத்தில் அக்கா, "அடுத்த ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல சாப்பிடுங்க. இன்னிக்குப் போன சோத்த அன்னிக்குப் போடுதேன்," என்றார்.

அந்த வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "போடியிலருந்து மருமகன் ஜீப்பு கொண்டுவந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. அம்மா போன வாரம் ஏதோ மலைக்கு மேல நின்னு போன் பண்ணுச்சாம், அதுலருந்து மக பயந்துகிட்டே இருக்காளாம்," என்றாள். வாழைப்பழத்தை அவளுடைய பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றவில்லை. திரும்பி நடக்கும்போது இரண்டு தின்றேன்.

புதன்கிழமை சமையல்கட்டில் அக்கா இருந்தார். புதுச் சேலை கட்டியிருந்தார். மகள் எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்தாளாம், ஒன்றும் இல்லையாம். "நல்லா இருக்கேன்னு சொன்னா நம்ப ஒருத்தரும் இல்ல டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே உலையில் அரிசியைப் போட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை போனதைச் சொல்லவில்லை. மணியடித்தது. ஏழாம் வகுப்பில் எனக்குப் பாடம் இருந்தது.