ட்ரெக்டரின் முன்சக்கரமும் மச்சானின் சாவியும்

எங்கள் தோட்டத்து ட்ரெக்டருக்கு என்னைவிட வயது அதிகம். தேயிலைக் கொழுந்து ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு அப்புத்தளை மலையிலிருந்து ஃபெக்டரிக்கு இறங்குவதுதான் அதன் வேலை. ஓட்டியவர் என் மனைவியின் அண்ணன். பழுது பார்ப்பவன் நான். கைத்தொழில் தெரிந்தவரை அழைப்பதுபோல, தோட்டத்தில் எல்லோரும் என்னை பாஸ் என்பார்கள். அந்தப் பட்டம் என் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முன்சக்கரம் ஆடத் தொடங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கைக் கால் வட்டம் சுற்றினால்தான் சக்கரம் அசையும். ஒரு புதன்கிழமை இறக்கத்தில் சக்கரம் படபடவென்று உதறி, வண்டி ரோட்டோரத்துத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, மச்சானுக்கு அடியில்லை. மறுநாள் காலை, வேலை பிரிப்பதற்காகப் பெரட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது தோட்டத்தை நடத்தும் துரை என்னிடம் காரணம் கேட்டார்.

"கிரீஸ் அடிக்கிறதே இல்ல சேர்," என்றேன். "வெளியில பூசிட்டு, அடிச்சேங்கிறாரு."

"வாராவாரம் அடிக்கிறேன் மாப்ள," என்றார் மச்சான்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடம் அவர் வைத்திருந்த சாவியைத் துரை அங்கேயே வாங்கிக்கொண்டு, அவரை மலைக்குப் புல் வெட்ட அனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து வேறு டிரைவர் என்றும் சொன்னார். அன்று வீட்டில் மனைவி சோற்றை என் தட்டில் கொட்டி, முறைத்துவிட்டுப் போனாள்.

எனக்கோ கோபம். அவர் செய்த தப்புக்கு நான் ஏன் முறைப்பை வாங்க வேண்டும்? பதுளையில் பழைய சாமான் விற்கும் நானாவுக்கு ஃபோனில் ஸ்டியரிங் தண்டின் படம் அனுப்பினேன். "இந்த மொடலுக்கு இப்ப சாமானே வாறதில்ல பாஸ், வந்து கிண்டிப் பாருங்க," என்றார். வெள்ளிக்கிழமை முழுவதும் அவருடைய கடையின் பின்பக்கம் குந்தியிருந்து, ஸ்டியரிங் தண்டின் முனைகள் இரண்டைத் தேடி எடுத்தேன். ஒன்று அளவுக்குப் பொருந்தியது. இன்னொன்றை அரத்தால் ராவித்தான் பொருத்த வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பூட்டினேன். பேரிங்கை இறுக்கினேன். நூல் பிடித்துச் சக்கரங்களை நேராக்கினேன். துரையிடம் சாவி வாங்கி ஓட்டிப் பார்த்தால், கருமம், அதே ஆட்டம்! கழற்றித் திரும்பவும் பூட்டினேன். அதே ஆட்டம். ஸ்பேனரைத் தூக்கித் தகரத்தில் எறிந்ததில் கராஜே அதிர்ந்தது. அந்தச் சனியனைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பெரகலைப் பள்ளத்தில் உருட்டிவிடலாமா என்றிருந்தது.

ஞாயிறு காலை ஜாக்கி அடித்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டொக் டொக் என்றது. சக்கரம் திரும்புவதற்காக அச்சின் முனையில் செருகியிருக்கும் கிங்பின்தான் தேய்ந்திருந்தது. கத்துக்குட்டிகூட முதலில் இதைத்தான் பார்ப்பான். பின்னைத் தட்டிக் கழற்றினேன். காய்ந்துபோய், ஒரே துரு. "பாத்தியா, கிரீஸே போகல!" என்று தனியாகக் கத்தினேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடிக்க வேண்டிய முறையில் அடித்தால் எப்படிப் போகும் என்று பார்க்க, கிரீஸ் கன்னை, கிரீஸ் உள்ளே போகும் முனையான நிப்பிளில் வைத்து அழுத்தினேன். உள்ளே ஒரு பொட்டும் போகவில்லை. முழுதும் வெளியே பிதுங்கி என் கையில் வழிந்தது. துடைத்துவிட்டு ஊசியால் சுரண்டினேன். நீலம் உதிர்ந்தது. அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் மறுபடி நீலம். நிப்பிளின் துளையே தெரியவில்லை.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ட்ரெக்டருக்குப் பெயின்ட் அடிப்பவன் நான். சாமிக்கு முன்னால் பளபளவென்று நிற்கட்டும் என்று, துணி சுற்றி மறைக்க வேண்டிய நிப்பிளையும் விடாமல், வருடா வருடம் பூசியிருக்கிறேன். மச்சான் வாராவாரம் அடித்த கிரீஸெல்லாம் வெளியேதான் வழிந்திருக்கிறது. அதைத்தான் நான் பூச்சு என்று சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமும் எரிச்சலுமாக மண்டை காய்ந்தது.

வெலிமடையில் தெரிந்த லேத்காரரைக் கெஞ்சிப் புதுப் பின்னும் அது உட்காரும் புஷ்ஷும் கடைந்து வாங்கி, பின்னேரத்துக்குள் பூட்டி முடித்தேன். வண்டி நேராக ஓடியது. கையைக்கூடக் கழுவாமல் மச்சானின் லயத்து வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பெரட்டுல சொன்னீங்க. பெரட்டுலயே சொல்லுங்க," என்றார்.

மனுசனுக்கு என்ன பிடிவாதம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஆபீசில் துரையிடம் மெதுவாகச் சொன்னால் போதாதா? இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பெரட்டில் புது டிரைவரும் வந்து நின்றான். நான் திருப்பிக் கொடுத்திருந்த சாவியைத் துரை எடுத்தபோது முன்னால் போனேன். "தப்பு எம்மேல சேர். நிப்பிள நாந்தான் பெயின்ட் அடிச்சு அடச்சுப்புட்டேன். அவரு கிரீஸ் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு," என்றேன். பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். யாரோ, "பாஸுக்கே பாடம்!" என்றார்கள். துரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாவியை மச்சானிடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். மன்னித்துவிட்டேன் என்பார் என்றுதான் நினைத்தேன்.

"நாலு நாளா எம்புள்ளைங்க, 'ஏம்ப்பா கிரீஸ் அடிக்கல'ன்னு கேட்டுச்சுங்க மாப்ள," என்றார். "நான் அடிச்சேன்னு சொன்னத அதுங்களும் நம்பல."