மைக் இல்லாத கச்சேரியும் நான் தொங்கவிட்ட ஃப்ளீஸும்

முதல் பாட்டு முடிந்து கைதட்டல் வந்தது. ராஜலட்சுமி அம்மா கும்பிடவில்லை. மேடையில் உட்கார்ந்தபடியே, முகம் சுருங்கி, விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார். இருபத்தெட்டு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவள் நான். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுப் பையர் முகம் இப்படி மாறினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சரக்கு ரிஜெக்ட்!

எனக்கு வந்த புது வேலை

நான் ரிட்டயர் ஆன சமயம், எங்கள் முதலாளி சாமியப்பன் தன் பழைய நிட்டிங் ஷெட்டைக் காலி செய்து இசை மையம் ஆக்கினார். "ஏம்மா மல்லிகா, முந்நூறு டெய்லரைக் கட்டி மேச்சவ நீ. நாலு பாட்டுக்காரங்கள மேய்க்க மாட்டியா?" என்று என்னை நிர்வாகி ஆக்கிவிட்டார். எனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனாலும் அந்த வேலை அப்படிப் பிடித்துப்போனது.

ஐப்பசி, கார்த்திகை எங்களுக்கு சீசன். ஒவ்வொரு கலைஞரும் மூன்று வாரம் மையத்திலேயே தங்குவார். விருப்பமுள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். கடைசி ஞாயிறு சாயங்காலம் கச்சேரி. ஷிப்மென்ட்டுக்குப் போடுவது போலவே சுவரில் சார்ட் போட்டு நடத்தினேன்.

ராஜலட்சுமி அம்மாவின் சவால்

அப்படித் தங்கிப் பாட வந்த ராஜலட்சுமி அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். அறுபது வயது. மைக் இல்லாமல் ஒரு முழுக் கச்சேரி பாட வேண்டும் என்பது அவருக்குத் தீராத ஆசை. போன இரண்டு ஊரிலும் குரல் பின்வரிசைக்குப் போகவில்லை என்று பாதியில் மைக்கை நீட்டிவிட்டார்களாம்.

"மல்லிகா, இங்கயும் எடுபடலைன்னா என் தொண்டையில சத்து இல்லைன்னு ஒத்துக்கறேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் ஷெட்டிலோ பயங்கர எதிரொலி. ஒரு தடவை தும்மினால் மூன்று தடவை கேட்கும். கச்சேரிக்கு முந்தைய வியாழக்கிழமை, சாய ஷேடு மாறிக் கழித்துப்போட்ட ஃப்ளீஸ் ரோல்களைக் கம்பெனியிலிருந்து வரவழைத்தேன். ஸ்வெட்டர் தைக்கிற கனத்த துணி, முந்நூறு ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம். நாலு சுவரிலும் மேலிருந்து கீழே தொங்கவிட்டு, காலி அரங்கில் அம்மாவைப் பாடச் சொன்னேன். எதிரொலி போன இடம் தெரியவில்லை. "அடி சக்கை!" என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் இருநூறு நாற்காலியும் நிரம்பிவிட்டது. டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் பெண்கள், குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இடமில்லாமல் நின்றவர்கள் வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பாட்டு முடிந்தது. அம்மா கூப்பிட்டார்.

பத்து நிமிஷம்

மேடை ஏறினேன். "குரல் வாயை விட்டு வந்ததுமே செத்துப்போவுது மல்லிகா. என்னால முடியல. மைக்கைக் கொண்டாரச் சொல்லு" என்றார். கண் கலங்கியிருந்தது.

முன்வரிசையிலிருந்து சாமியப்பன் எழுந்து வந்தார். "ஏனுங்கம்மா, மைக்கை வெச்சே பாடிப்போடுங்க. எதுக்குங்க வம்பு?" எதற்கும் இருக்கட்டும் என்று வரவழைத்திருந்த மைக்செட்காரர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியேவிட்டார்.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அடிப்பாவி மல்லிகா! துவைத்துப் பார்க்காமல் ஒரு துணியையாவது கட்டிங்குக்கு விட்டிருக்கிறாயா? துவைத்தால் சுருங்கும். சுருங்கிய பிறகு இருப்பதுதான் அளவு. அரங்கத்தை மட்டும் ஆள் இல்லாமல் அளந்துவிட்டேன். இத்தனை பேர் உடம்பே எதிரொலியைக் குடித்துவிடும். அதற்கு மேல் சுவரெல்லாம் ஃப்ளீஸ், குரலையும் சேர்த்துக் குடித்துவிட்டது!

"அம்மா, உங்க தொண்டையில ஒரு குத்தமும் இல்லீங்க. தப்பு என்னோடது. பத்து நிமிஷம் குடுங்க" என்றேன். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "கண்ணுகளா, செவுத்துல இருக்கற துணி அத்தனையும் எறக்கோணும். எல்லாரும் வாங்க!"

"எறக்கிருவோம்லக்கா!" என்றது பின்னாலிருந்து ஒரு திருநெல்வேலிக் குரல்.

அவ்வளவுதான். உயரமானவர்கள் நாற்காலி மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார்கள். கீழே இருந்தவர்கள் இரண்டிரண்டு பேராக விளிம்பைச் சேர்த்துப் பிடித்து, ஒரு உதறு உதறி, மடித்து, வராந்தாவில் அடுக்கிக்கொண்டே போனார்கள். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு செக்கிங் பெண் பழக்கதோஷத்தில் துணியை வெளிச்சத்தில் தூக்கி ஓட்டை பார்த்தாள். "ஏ புள்ள, இன்னிக்கு லீவு!" என்று யாரோ சொல்ல, அரங்கமே சிரித்தது. கண் கலங்கி உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்துவிட்டார். திருப்பூரைத் தவிர வேறு எந்த ஊரில் இது நடக்கும், சொல்லுங்கள்!

எல்லோரும் உட்கார்ந்ததும் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நான் ஓட்டமாக ஓடிக் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றேன். குரல் வந்தது. சின்னக் குரல்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல, மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "கேக்குதுக்கா, நல்லாக் கேக்குது" என்று அந்தத் திருநெல்வேலித் தம்பி என் கையைப் பிடித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரம் பாடினார். மைக் ஸ்டாண்டு கடைசிவரை மேடைக்கு வரவேயில்லை.

அரங்க வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆள் நிரம்பினால் அரங்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துத் தயார் செய்யுங்கள். அப்படியும் தப்பு வரும். வந்தால் உடனே, எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள். அன்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அம்மா மைக்கை வாங்கியிருப்பார். என் துணி செய்த வேலைக்கு, ஆயுசுக்கும் தன் தொண்டையைத்தான் நொந்துகொண்டிருப்பார்.