பூட்ஸ் எழுத்து

கள்ளக்குறிச்சி கடைவீதியில் பெயர்ப்பலகை எழுத தெய்வசிகாமணியை விட்டால் ஆளில்லை என்று இருந்தது, சின்னராசு மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து இறங்கி வரும்வரை.

சின்னராசு வயதில் சின்னவன். யாரிடமும் தொழில் கற்றவனில்லை. இங்கிலீஷ் பேப்பரின் தலைப்பைப் பார்த்துப் பார்த்து, அதே சாயலில் தமிழுக்கு ஒரு தடித்த எழுத்தை அவனே உண்டாக்கியிருந்தான். நிற்கிற கோடுகள் தூண் மாதிரி இருக்கும், படுக்கிற கோடுகள் மெல்லிசு. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சின்னப் பாதம். ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். ஊர் அதற்கு 'பூட்ஸ் எழுத்து' என்று பேர் வைத்துவிட்டது.

ஜவுளிக்கடை, உரக்கடை, கல்யாண வாசல் எல்லாம் பூட்ஸ் போட்டுக்கொண்டன. தெய்வசிகாமணிக்கு வயிறு எரிந்தது. தெருவில் நடந்தால் பலகைகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை; பார்த்தால் சோறு இறங்கவில்லை. ஒரு ஓட்டல்காரர் ஆசைப்பட்டு பலகாரப் பலகையையும் அந்த எழுத்திலேயே கேட்டு வாங்கினார். பொடியாக எழுதியதில் சுழிகள் அடைத்துக்கொண்டு, 'பணியாரம்' கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு தெய்வசிகாமணி வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்தது. சாலை மறியலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இளைஞர்கள் சிலர் தெய்வசிகாமணி கடைக்கு வந்தார்கள்.

"எலவனாசூர்கோட்டை ரோட்டுல, மூடிக் கெடக்குதே ரைஸ் மில்லு, அந்தச் செவுரு பூரா எய்தணும்ணா."

"எய்திடலாம்."

"சின்னராசு மலைக்குப் போயிக்கிறாரு. அதான் உங்ககிட்ட வந்தோம். அவரு எழுத்து மாரியே வேணும்ணா."

முகத்தில் காறித் துப்பியது போலிருந்தது. போங்கடா என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் எத்தனையோ நாளாக வீட்டுக்குள் சாக்பீஸால் அந்த எழுத்தைப் போட்டுப் போட்டு அழித்திருந்த கை, சரி என்று பிரஷ்ஷை எடுத்தது.

விடிந்ததும் ஆரம்பித்தவர் உச்சிப் பொழுதுக்குள் முடித்தார். 'ஒதுக்கீடு எங்கள் உரிமை.' ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம். 'ஒ'வின் சுழி அடையாதபடி கண்ணீர்த்துளி மாதிரி இடம் விட்டார். கோடு பாதத்தில் சேரும் இடத்தில் சின்னராசு வெட்டினாற்போல் நிறுத்துவான். அவர் அங்கே லேசாக வளைத்து இறக்கினார். தள்ளி நின்று பார்த்தார். இப்படி ஒன்றை அவர் கை இதுவரை எழுதியதில்லை.

மறியல் நடந்தது. ரோட்டில் மரங்கள் சாய்ந்தன, பஸ் நின்றது, தடியடி, கைது. மலையிலிருந்து திரும்பிய சின்னராசுவையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தச் சுவரை வேறு யார் எழுதியிருப்பார்கள்?

டீக்கடையில் உரக்கடை கந்தசாமி சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னா சொல்லு, சின்னராசு எய்துனதுலயே அந்த மில்லு செவுருதான் டாப்பு."

தெய்வசிகாமணி டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அம்சவள்ளி பார்த்த மாத்திரத்தில் கேட்டாள்.

"அவன்தான் உள்ள போய்ட்டானே. இன்னும் இன்னாய்யா உனுக்கு?"

"நான் எய்தனத அவன் எய்தனதா சொல்லிக்கினு இருக்கறானுங்கடி!"

"பாவம், உனுக்குப் பதிலா அவன் மாட்டிக்கினானேன்னு நெனச்சியா நீ?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார்.

"ஐயா, அந்தச் செவுரு நான் எய்தனது."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "அவனக் காப்பாத்த வந்தியா?"

"அவன எதுக்குங்க நான் காப்பாத்தறன்?" தெய்வசிகாமணி சாக்பீஸ் கேட்டு வாங்கி, சிமெண்டுத் தரையில் குந்தி ஒரு 'ஒ' போட்டார். இன்ஸ்பெக்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. லாக்கப்பிலிருந்து சின்னராசுவைக் கூட்டிவரச் சொன்னார்.

சின்னராசு தரையைக் குனிந்து பார்த்தான். நிமிர வெகு நேரமாயிற்று.

"இது அண்ணன் கைதாங்க. என் எழுத்துல காலு மொட்டையா நிக்கும். இங்க பாருங்க, வளைஞ்சி எறங்குது." பிறகு இன்ஸ்பெக்டரை மறந்துவிட்டு, "எப்பிடிண்ணா அந்த வளைவு வந்துது? பிரஷ்ஷ சாச்சிப் புடிச்சீங்களா?" என்றான்.

தெய்வசிகாமணி சொல்லவில்லை. ஆனால் கடலூர் ஜெயிலுக்கு வேனில் ஏற்றியபோது, மாப்பிள்ளை ஊர்வலத்தில் போவது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஜாமீனில் திரும்பியவர் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஜவுளிக்கடை பலகையைப் பார்த்தார். புதிதாக எழுதியிருந்தது. ஒவ்வொரு பாதத்திலும் அதே வளைவு. அவருடையதைவிட இன்னும் மெல்லிசாக, தண்ணீர் வழிகிற மாதிரி. குறை தேடினார். கிடைக்கவில்லை.

பக்கத்துக் கடையில் ஏணிமேல் நின்றிருந்த சின்னராசு கத்தினான்: "வந்துட்டீங்களாண்ணா! எப்பிடி இருக்குது?"

"சுமாரா இருக்குது" என்றார் தெய்வசிகாமணி.

வீட்டுக்குப் போனதும் குளிக்கக்கூட இல்லை. "சாக்பீஸ் எங்க வெச்ச?" என்றுதான் அம்சவள்ளியிடம் முதலில் கேட்டார்.