கருப்புக்குப் பற்றவைத்த சுருட்டு

அர்த்தனாரி பீடியை விட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதற்கு முன் முப்பது வருடம் அவருக்குப் பீடி விற்றதும் நான்தான். மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே டீக்கடை என்னுடையது. காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு வாங்குவார். மழை நாளில் மூன்றாகும்.

எங்கள் எல்லைக் கருப்புக்கு அவர்தான் பூசாரி. மற்ற நாட்களில் மரமேறி மிளகு பறிக்கிறவர். போன தை மாதம் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் பாதி ஏறியவர், மூச்சு வாங்கி, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நாலு பேர் ஏறித்தான் இறக்கினோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கோகிலவாணி அவரைச் சோதித்துவிட்டு, இப்படியே குடித்தால் இரண்டு வருடத்தில் மரம் என்ன, வீட்டுப் படிகூட ஏற முடியாது என்றார். மனைவி பெருமாயி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அர்த்தனாரி இடுப்பிலிருந்த பீடிக்கட்டை எடுத்து நர்ஸின் மேசைமேல் வைத்தார்.

அதன் பிறகு ஊரே அவருக்கு வாத்தியார் ஆனது. நான் பீடிக்கட்டுகளை அவர் கண்ணில் படாமல் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். பெருமாயி சுக்கும் கருப்பட்டியும் முடிந்து கொடுத்தாள். ஒருவர் கிராம்பை மெல்லச் சொன்னார், இன்னொருவர் வறுகடலை என்றார். எல்லார் பேச்சையும் கேட்டு எல்லாவற்றையும் தின்று, மனிதர் ஆறு கிலோ கூடிப்போனார். கோகிலவாணி திங்கட்கிழமை தவறாமல் போன் போட்டு விசாரிப்பார்.

ஆனால் ஆள் குழம்பிப்போனார். அவருக்குக் காடு இரண்டு பீடி தூரம், களி வேக ஒரு பீடி நேரம். இப்போது காட்டுக்குக் கிளம்பினால் பாதி வழியில் நின்று, தாண்டி வந்துவிட்டோமா என்று திரும்பிப் பார்ப்பார். பேச்சுக்கு நடுவில் கை காதுமடலுக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. சண்டை போட வருவார், எதற்கு வந்தோம் என்று மறந்து டீ குடித்துவிட்டுப் போவார். "நான் ஆருன்னே தெரியல, செல்வம்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இந்த நிலையில் ஆடிப் பூசை வந்தது. பூசையின் முடிவில் கருப்புக்குச் சுருட்டு வைக்க வேண்டும். பூசாரி தன் வாயில் வைத்து, மூன்று இழுப்பு இழுத்து, கங்கு பிடித்ததும் சிலையின் வாயில் பொருத்துவார். பூசாரியின் வாய் பட்டால்தான் சாமி ஏற்கும் என்பது வழக்கம். அணைந்துபோனால் சாமிக்குக் கோபம் என்று அர்த்தம்.

ஆறு மாதம் தொடாதே தொடாதே என்ற ஊர் இரண்டாகப் பிரிந்தது. சாமிக்குப் பற்றவைப்பது கணக்கில் வராது என்றார்கள் பெரியவர்கள். கருப்பு மன்னித்தாலும் நுரையீரல் மன்னிக்காது, ஒரு இழுப்பு போதும் பழையபடி ஆகிவிட என்றார் கோகிலவாணி. நானோ காலையில் வேண்டாம் என்றேன், மாலையில் சாமி காரியமாச்சே என்றேன். அர்த்தனாரிக்குத் தன்னைத் தெரியும். ஒருமுறை இழுத்தால் மறுநாளே என் கடை வாசலில் வந்து நிற்பார். இழுக்காவிட்டால் ஊர்ப் பூசை நிற்கும்.

பூசையன்று உச்சி வெயிலில் கூட்டம் நின்றது. அவர் சுருட்டை வாயில் வைக்காமல் சூடத்தில் காட்டிப் பார்த்தார். நுனி கருகி அணைந்தது. இன்னொரு முறையும் அணைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அர்த்தனாரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆறு மாதம் ஓயாத வாய்களில் ஒன்றும் திறக்கவில்லை. என் வாயும்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

மூன்றாவது இழுப்பு நடக்கவில்லை. முதன்முதலாகத் திருட்டு பீடி குடித்த பள்ளிக்கூடப் பையன் போல இருமத் தொடங்கினார். கண் செருகியது, உடம்பு தள்ளாடியது. சாமி வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார். பத்துப் பேர் அவர் காலில் விழுந்தார்கள். என்ன குறை என்று சொல்லும்படி ஒரு பெரியவர் கைகூப்பிக் கேட்டார்.

இருமலுக்கு நடுவே, நான் அதுவரை கேட்டிராத குரலில் பதில் வந்தது.

"இந்தக் கருமம் எனக்கு வேண்டாம்டா. இனிமேல்பட்டு எவனும் கொண்டாரக் கூடாது."

சுருட்டைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கருப்புக்கு இனி இளநீர் மட்டும்தான் என்று பெரியவர்கள் அங்கேயே முடிவு செய்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு பெருமாயி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏனுங்க, நெசத்தச் சொல்லுங்க. பேசுனது சாமியா, நீங்களா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

"ஆசையா இழுத்தது நான்தான், அது தெரியும். வேண்டாம்னு சொன்னது ஆருன்னு தெரியலையே, பெருமாயி."

அவள் எழுந்து கருப்பைக் கும்பிட்டாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, திரும்பி அவரையும் கும்பிட்டாள்.