கறுப்பனைக் காப்பாற்றிய கதை

எனக்கு அப்போது ஏழு வயது. அருமனையில் எங்கள் வீட்டுக் கிழட்டு நாய் கறுப்பனைப் பேச்சிப்பாறைக் காட்டுப் பக்கம் கொண்டு விட்டுவிடப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். தாத்தாவை முதியோர் ஹோமில் சேர்க்கும் பேச்சும் அதே வாரம்தான் நடந்தது. அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எனக்கு நாய்தான் பெரிது.

பெலாரஸில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த அத்தை லீவுக்கு வந்திருந்தாள். அந்த நாட்டில் மனிதர்களுக்குச் சொல்லவேண்டியதை மிருகங்களின் தலையில் ஏற்றிச் சொல்வார்களாம். மத்தியானச் சாப்பாட்டின்போது அப்படி ஒரு கதையை எடுத்துவிட்டாள். பல்லுப்போன நாயை வீட்டுக்காரன் துரத்திவிடுகிறான். ஓர் ஓநாய் இரக்கப்பட்டு அவன் குழந்தையைக் கவ்விக்கொண்டு ஓட, நாய் விரட்டிப்போய் மீட்டதுபோல நடிக்கிறது. அப்புறம் அதை யாரும் போகச் சொல்லவில்லை. கதை முடிந்ததும் அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். தாத்தா மோர் ஊற்றிச் சாப்பிட்டார். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

மறுநாள் அம்மா துணி துவைக்கையில், தொட்டிலில் கிடந்த எட்டு மாதத் தம்பியைத் தூக்கிப்போய் ரப்பர் தோட்டத்தின் கடைசியில் சருகின்மேல் கிடத்திவிட்டு வந்தேன். ஓநாய் வேலையையும் நானே பார்த்தேன். சே, என்ன பிள்ளை நான்! கறுப்பனை எழுப்பினால், அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தூங்கியது. வீட்டில் அலறல் கிளம்பியபோது பயத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தாத்தாதான் கொண்டுவந்தார். முட்டுவலிக்காரர், கம்புகூட இல்லாமல், தம்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி சரிவில் ஏறி வந்தார். தம்பியின் காலெல்லாம் எறும்பு கடித்துத் தடித்திருந்தது. கூச்சலில் எழுந்த கறுப்பன் எதிரே ஓடி, அவர் பின்னால் வாலாட்டிக்கொண்டு வந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"கறுப்பன்தான் கண்டுபிடிச்சுது. நான் பாத்தேன்."

தாத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "ஆமாடே. நாயாக்கும் கண்டது. நான் சும்மா தூக்கிட்டு வந்தேன்."

அப்பா குனிந்து கறுப்பனின் தலையைத் தடவினார். இனி அது எங்கேயும் போகாது என்றார். அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. தாத்தா மடியில் ஒரு பையோடு முன்சீட்டில் உட்கார்ந்தார். அத்தை கதை சொன்னது நாய்க்காக இல்லை என்பது அப்போதும் எனக்கு எட்டவில்லை. கறுப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் தாத்தாவுக்கு டாட்டா காட்டினேன்.