ராதா டீச்சருக்கு ஒரு காவல்

ரகுநாதன் அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஓர் ஏ.சி. பராமரிப்புக் கம்பெனியில் இஞ்சினியர். சொந்த ஊர் திருச்சி. ஆகஸ்ட் மாதத்து வெயிலில் ஏதாவது ஒரு கட்டடத்தைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் நின்றுபோனால் முதல் போன் அவருக்குத்தான் வரும். பதற மாட்டார். எது கெட்டாலும் வெளியே தெரிவதற்குள் சரிசெய்துவிட வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். வீட்டுக்கும் அதையே கொண்டுவந்தார். வீட்டில் கெட்டது சரிசெய்கிற சாமான் இல்லை.

மனைவி ராதா அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவளிடம் குட்டு வாங்கியவர்கள். ஒரு நாள் போர்டில் கணக்கைப் பாதி எழுதியவள், மேலே என்ன செய்வது என்று தெரியாமல் மார்க்கரோடு நின்றாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பயந்துபோய் ஆபீசுக்கு ஓடினார்கள். அபுதாபியில் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு மறதி நோய் என்றார். இது தீராது, இனி இவரைத் தனியாக விடாதீர்கள் என்றும் சொன்னார்.

ரகுநாதன் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் வலி, அதனால் வேலையை விட்டுவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார். திருச்சியில் பேங்கில் வேலை பார்க்கும் மகள் தாரிணியிடமும் அதையேதான் சொன்னார். உண்மை தெரிந்தால் தாரிணி அடுத்த விமானத்தில் வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். ராதா இல்லாத வீட்டுக்கு டூட்டி முடிந்து திரும்புவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆகவே காலையில் குளிக்கவைத்து, இட்லி ஊட்டி, மாத்திரை கொடுத்து, அடுப்பின் கேஸை மூடிவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார். சில்லர் அறையில் தீப்பிடித்தால் ஆட்கள் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று கம்பெனிக்கே பாடம் எடுக்கிறவர் அவர். அவர் வீட்டுக்கு ஒரே வாசல். அதன் சாவி அவர் பையில்.

அல் ஐன் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் போடுவது வழக்கம். பெருநாள் விடுமுறையில் தூரதேசம் எங்காவது போவார்கள். ஏற்பாடெல்லாம் மதுரைக்காரர் விஜயபாஸ்கர்தான். தொடர்ந்து இரண்டு பயணங்களுக்கு ரகுநாதன் வரவில்லை. விஜயபாஸ்கரின் மனைவி சம்யுக்தா, “அக்காவுக்கு என்னதான் உடம்பு? நான் வந்து பார்க்கிறேன்” என்று போனில் விடாமல் கேட்க ஆரம்பித்தாள். அவள் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து இந்தத் தடவை வருகிறோம் என்றார். போவது ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா. ஆறு கடலுக்குப் போகாமல் மணலிலேயே விரிந்து சதுப்பாகிக் கிடக்கிற பிரதேசம். சுற்றிலும் காடு, நடுவில் கூடாரங்கள்.

இடம் மாறினால் அவளுக்கும் நல்லது என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டார். இந்த நோயாளிகளை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இப்படி நினைக்கிறார்கள். நல்லதாகாது. தெரிந்த சுவரும் தெரிந்த குளியலறையும்தான் அவர்களுக்கு மிச்சமிருக்கிற புத்தி. அதையும் பிடுங்கினால் திணறிப்போவார்கள்.

ராதா திணறினாள். விமானத்தில், “பரீட்சை பேப்பரெல்லாம் எங்கே வச்சீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ரகுநாதன் சிரித்துச் சமாளித்தார். இறங்கிய ஊரின் ஹோட்டலில் காலை உணவு முடிந்ததும் மேஜையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டிலும் ரொட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பாள். அவருக்குத் தெரியும். ஆனால் ஹோட்டலில் அந்த நேரம் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

முகாமில் இறங்கியதும் வழிகாட்டி கபெலோ எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினான். யானைக்கு ஆரஞ்சு வாசனை வெகுதூரம் எட்டும். கூடாரத்துக்குள் பழம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள், வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன் என்றான்.

“கேட்டுக்கிட்டீங்களாப்பா? இது நம்ம அல் ஐன் பாலைவனமில்ல. அங்க வர்றது ஒட்டகம், ‘யல்லா’ன்னா போயிரும். இங்க வர்றதுக்குத் தமிழும் தெரியாது, அரபியும் தெரியாது” என்றார் விஜயபாஸ்கர். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராகப் பையைத் திறந்து காட்டினார்கள்.

ரகுநாதன் முறை வந்தது. ராதா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாங்கிப் பார்க்கலாம். வாங்கினால் கத்துவாள், பிடுங்கினால் அழுவாள், அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

“எங்ககிட்ட ஒண்ணும் இல்ல” என்றார்.

அன்று பிற்பகல் படகுப் பயணம். நீளமான ஒடுங்கிய படகு, பின்னால் ஒருவன் நின்று கழியால் தள்ளுவான். அசைந்தால் கவிழும். ராதாவை அதில் உட்காரவைக்க முடியாது. நானும் இருந்துவிடுகிறேன் என்று ரகுநாதன் சொல்லிப் பார்த்தார்.

“அக்கா தூங்கட்டுமே. சமையல்காரரும் டிரைவரும் இங்கதான இருக்காங்க. நீங்க வாங்கண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டுக் கூடாரத்தையா பார்த்துக்கிட்டு இருப்பீங்க?” என்று விஜயபாஸ்கர் கையைப் பிடித்து இழுத்தார்.

இதற்கு மேல் மறுத்தால் கேள்வி வரும். ரகுநாதன் உள்ளே போனார். ராதா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்தால் தண்ணீரைப் பார்த்து நடந்துவிடுவாள் என்று தோன்றியது. கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினார். பெட்டியில் மாட்டியிருந்த சிறிய பூட்டைக் கழற்றி, வெளிப்பக்கத்து ஜிப் நாக்குகள் இரண்டையும் சேர்த்துப் பூட்டினார். சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

படகு நாணல்களுக்கு நடுவே போனது. நீர்ப்பூக்கள், வெள்ளைக் கொக்குகள், தூரத்தில் முதுகை மட்டும் காட்டிய நீர்யானைகள். விஜயபாஸ்கர் போட்டோவாக எடுத்துத் தள்ளினார். ரகுநாதன் சாவி இருந்த சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது முகாமின் பக்கமிருந்து பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டுக் கேட்ட சத்தம் வெறிபிடித்ததுபோல் தொடர்ந்தது. வண்டி ஒன்று உறுமியது. அதற்கு மேலே ஒரு பெண்குரல். முன்படகில் இருந்த கபெலோ, “யானை” என்று மட்டும் சொல்லிக் கழியால் படகைத் திருப்பினான்.

“ராதா உள்ள இருக்கா” என்றார் ரகுநாதன்.

“வெளிய வந்திருப்பாங்கண்ணே. சத்தம் கேட்டா வெளிய வந்துருவாங்கல்ல?”

“வர முடியாது. பூட்டிட்டு வந்திருக்கேன்.”

விஜயபாஸ்கர் கேமராவைக் கீழே வைத்தார்.  கழியால் தள்ளும் படகு எவ்வளவு பயந்தாலும் அதன் வேகத்தில்தான் போகும்.

கரையேறியபோது யானை மரங்களுக்குள் போய்விட்டிருந்தது. கூடாரத்தின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கம்பிகள் வளைந்து கிடந்தன. மிதிபட்ட ஆரஞ்சுத் தோல் எங்கும் சிதறியிருந்தது. சமையல்காரர் முதலில் ஜிப்பைத்தான் இழுத்துப் பார்த்திருக்கிறார். திறக்கவில்லை. பின்பக்கம் போய்க் கறிக்கத்தியால் துணியைக் கிழித்து ராதாவை வெளியே இழுத்திருக்கிறார். கம்பி விழுந்து அவள் இடது முன்கை முறிந்திருந்தது.

கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ரகுநாதன் கிட்டே போனார். அவள் வீல் என்று கத்திச் சம்யுக்தாவின் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

சம்யுக்தா பூட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “அண்ணா, வீட்லயும் இப்படித்தானா?”

“அவளுக்கு மறதி நோய்ம்மா. டூட்டிக்குப் போகணுமே.”

“எதிர்த்த தெருவுல நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

 உண்மையில் அவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவரை யாரும் திட்டவில்லை. ராதாவுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஊர் திரும்பும் வழியெல்லாம் அவள் பக்கத்தில் சம்யுக்தா உட்கார்ந்தாள். ரகுநாதனுக்கு விஜயபாஸ்கரின் பக்கத்தில் இடம். அல் ஐனில் ராதா சம்யுக்தாவின் வீட்டிலேயே தங்கினாள். நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். யானையை மறந்துவிட்டாள். ஆப்பிரிக்காவை மறந்துவிட்டாள். கையில் எதற்குக் கட்டு என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டாள்.

ஆனால் டூட்டி முடிந்து ரகுநாதன் வந்து ஹாலில் உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். இந்த நோயில் நடந்தது மறந்துபோகும். நடந்ததால் வந்த பயம் மறக்காது. காரணமில்லாமல் தனியாக நின்றுகொண்டிருக்கும். அதைப் பேசித் தீர்க்க முடியாது. பேசுகிற முகம்தான் பயம், நாள்தோறும் பூட்டிவிட்டுப் போன முகம்.

தாரிணிக்கு அவரே போன் செய்தார். முழுவதையும் சொன்னார், பூட்டையும் சேர்த்து.  “அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேம்ப்பா” என்றாள் தாரிணி.

“சரிம்மா” என்றார்.

அபுதாபி விமான நிலையத்துக்கு அவர்தான் காரை ஓட்டினார். ராதா பின்சீட்டில் மகளின் தோளில் சாய்ந்திருந்தாள். அவர் முகம் தெரியாததாலோ என்னவோ, வழியெல்லாம் பயப்படவில்லை. பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்கினார். மாத்திரைகளை எந்த நேரத்துக்கு எது என்று தாரிணியிடம் சொன்னார். குளிக்கவைக்கும்போது தண்ணீரை முதலில் காலில் ஊற்று, தலையில் ஊற்றினால் பயப்படுவாள் என்றார். அதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உள்ளே போகிற நேரத்தில் ராதா திரும்பினாள். வகுப்பறையில் பெற்றோர்களிடம் பேசுகிற அந்தப் பழைய மரியாதைக் குரலில், “ரொம்ப உதவி பண்ணீங்க. போதும், நீங்க கிளம்புங்க. வீட்ல தேடுவாங்க” என்றாள்.

“சரிங்க டீச்சர்” என்றார் ரகுநாதன்.

அவர்கள் கண்ணாடிக் கதவுக்குள் போனார்கள். மறுநாள் காலை அவருக்கு டூட்டி இருந்தது.