வலது பெட்டி

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் மோட்டார் அறை இரைச்சலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து ப்ளைவுட் அறுப்பார். ஆறு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்து ஐந்தைப் பிரித்துப் போட்டவர். அவர் உயிரை வாங்கியது பெட்டியல்ல, அதன் கிராஸ்ஓவர்: பேஸைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கீச்சொலியைச் சின்னதற்கும் பிரித்தனுப்பும் பலகை. மாத்திரை டப்பாவில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவார், பாட்டைப் போடுவார், முகம் சுளிப்பார், இரண்டு சுற்று அவிழ்ப்பார்.

மகள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஒருநாள் மைக் வைத்து அளந்தாள்.

"அப்பா, வலது பெட்டில சின்ன ஸ்பீக்கர் காட்டுக்கத்தல் கத்துது. சத்தத்த அடக்க ரெசிஸ்டரே போடலையே?"

"உன் மீட்டர் பாட்டு ரசிக்குமா?"

"பொய் சொல்லாது."

"நானும் சொல்லல. கைய எடு."

மைக் அளந்து தந்த வரைபடத்துக்குக் கணினியில் 'தப்பு' என்று பெயரிட்டு வைத்தாள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், அந்தச் சின்ன ஸ்பீக்கரின் முதுகில், பெட்டிக்குள் அடைத்த பஞ்சுக்குள், ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள். வரைபடத்தில் இரண்டு பெட்டியின் கோடுகளும் நூல் பிடித்தாற்போல் ஒத்துப்போயின. அவரிடம் மூச்சுவிடவில்லை.

திரும்பி வந்தவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "வலது பக்கம் செத்துக் கிடக்கே."

காது பழகட்டும் என்று முதலில் சும்மா இருந்தாள். அவரோ தன் பலகையையே சந்தேகித்தார். காயிலைப் பிரித்துச் சுற்றினார், மறுபடி பிரித்தார். நாளாக ஆக அவளுக்குச் சொல்ல நா எழவில்லை. நான்காவது வாரம் போய்விட்டார்.

அவர் போன பதினைந்தாம் நாள், வலது பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அம்மா சொன்னாள்: "அவருக்குத்தான் வலது காதுல கீச்சுச் சத்தமே சரியா விழாதே. கம்பெனில டெஸ்ட் எடுத்தாங்களே."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"வேணாம்னாரு. இன்ஜினியர் பொண்ணு சிரிப்பாளாம்."

ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்தாள். போதவில்லை. காயிலில் அவர் பழைய சுற்றுகள் இல்லை; கணக்கை எங்கும் எழுதி வைக்கவுமில்லை. மிச்சம் 'தப்பு' வரைபடம் மட்டும்.

அதைத் திரையில் வைத்துக்கொண்டு காயிலை அவிழ்த்தாள், அளந்தாள். பழைய கோட்டோடு ஒட்டவில்லை. இரண்டு சுற்று கூட்டினாள். வேறிடத்தில் விலகியது. கம்பி அறுந்தது. சாலிடரிங் அயர்னை மேசையில் அறைந்து வைத்தாள்.

"மேசை என்னடி பண்ணுச்சு?" அம்மா அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "சரியாயிடுச்சா?"

"இல்லம்மா. இன்னும் தப்பா வரல."

அறுந்த முனையைச் சுரண்டினாள்.